மெஷின் வாங்கும் முன் வரிசையைப் பாருங்கள்

2016 நவம்பரில் சென்னை தியாகராய நகரில் உள்ள சிட்டி யூனியன் வங்கிக் கிளையில் ‘லட்சுமி’ என்ற ரோபோ வேலைக்குச் சேர்ந்தது. 1904-இல் கும்பகோணத்தில் பிறந்த வங்கி, நாட்டிலேயே முதல் ஆளாகக் கிளைக்குள் ரோபோவைக் கொண்டுவந்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. கணக்கில் இருப்பு எவ்வளவு, வட்டி எவ்வளவு என்பது போன்ற கேள்விகளுக்கு அது ஆங்கிலத்தில் பதில் சொல்லும். அதே நவம்பர் 8-ஆம் தேதி இரவுதான் 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. அந்த மாதம் முழுக்க வங்கி வாசல்களில் நின்றவர்களிடம் இருந்தது ஒரே கேள்விதான்: “இன்னைக்குப் பணம் இருக்கா?” ரோபோவை விடுங்கள், மேனேஜராலேயே அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை.

ஏடிஎம்களின் கதை இன்னும் மோசம். புதிய 2,000 ரூபாய் நோட்டு பழைய நோட்டுகளைவிட அளவில் சிறியது. ஏடிஎம்முக்குள் பணம் அடுக்கும் பெட்டிகளோ பழைய அளவுக்குச் செய்யப்பட்டவை. நாடு முழுவதும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட இயந்திரங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, பெட்டியைச் சரிசெய்து, மென்பொருளை மாற்றவேண்டி வந்தது. நோட்டை அச்சிட்டவர்களும் மெஷினைப் பராமரிப்பவர்களும் முன்கூட்டிப் பேசிக்கொள்ளவே இல்லை என்பது அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது.

ரோபோவைக் கொண்டுவந்த வங்கியைக் கிண்டல் செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. புதிதாக ஒன்றை முயன்று பார்த்தார்கள், அது நல்லதுதான். ஆனால் நம் வங்கிகள் வாடிக்கையாளருக்கான தொழில்நுட்பத்தைத் திட்டமிடும் விதத்தில் ஒரு பழைய கோளாறு இருக்கிறது. எந்த மெஷின் சந்தைக்கு வந்திருக்கிறது என்பதிலிருந்து யோசிக்கத் தொடங்குகிறார்கள். கிளைக்குள் யார் வந்து நிற்கிறார்கள், எதற்காக நிற்கிறார்கள் என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. சில சமயம் வருவதே இல்லை.

எண்பதுகளில் ரங்கராஜன் குழு வங்கிகளில் இயந்திரமயம் பற்றிப் பரிந்துரைத்தபோது, ஊழியர் சங்கங்களுக்கும் நிர்வாகத்துக்கும் நடந்த வாதமெல்லாம் வேலை போகுமா, போகாதா என்பதைச் சுற்றித்தான். அது நியாயமான கவலை. வாடிக்கையாளர் அந்த மேசையில் ஒரு தரப்பாகவே இல்லை. பிறகு கோர் பேங்கிங் வந்தது. எந்தக் கிளையில் கணக்கு இருந்தாலும் எந்தக் கிளையிலும் பணம் எடுக்கலாம் என்றானது. வாடிக்கையாளர் மனதாரப் பாராட்டிய மாற்றம் அது. அதற்குப் பிறகு வந்த மெஷின்களில் பெரும்பாலானவை ஒரே நோக்கம் கொண்டவை: கவுண்டருக்கு முன்னால் நிற்கும் கூட்டத்தை வேறு எங்காவது நகர்த்துவது.

நகர்த்த வேண்டியவர்களை யுபிஐ ஏற்கெனவே நகர்த்திவிட்டது. இளைஞர்கள், மாதச் சம்பளக்காரர்கள், கடைக்காரர்கள் பலரும் இப்போது மாதக்கணக்கில் கிளைப் பக்கம் வருவதில்லை. போனில் முடியும் வேலைக்காக யாரும் பஸ் ஏறி வங்கிக்கு வர மாட்டார்கள். இன்று வரிசையில் நிற்பவர்கள் இரண்டே வகை. போனைக் கையாள முடியாதவர்கள் ஒரு வகை. போனில் தீராத பிரச்சினையோடு வந்தவர்கள் இன்னொரு வகை. அப்பா இறந்துவிட்டார், கணக்கில் நாமினி இல்லை. ஆதாரில் ஒரு பெயர், பாஸ்புக்கில் இன்னொரு பெயர். கேஒய்சி காலாவதியாகிக் கணக்கு முடங்கிவிட்டது. பழைய செல்போன் எண்ணை மாற்ற வேண்டும். யாரோ சைபர் புகார் கொடுத்ததால் கணக்கில் பணம் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. நகையைத் திருப்ப வேண்டும். இவற்றில் ஒன்றுக்காவது கிளையில் மெஷின் இருக்கிறதா? இருப்பவை பணம் போட, பணம் எடுக்க, பாஸ்புக்கில் என்ட்ரி போட. அதாவது முதல் இரண்டும் பெரும்பாலும் போனில் முடிந்துபோன வேலைகள்.

மூன்றாவதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். ஈரோட்டுப் பக்கம் ஒரு சிற்றூர்க் கிளை. மகளிர் உரிமைத்தொகை ஏறும் நாள். 2023 செப்டம்பர் 15-இல் காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்ட திட்டம் அது. மாதம் 1,000 ரூபாய், ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்கள். வாசல் அறையில் பாஸ்புக் மெஷின் முன்னால் ஏழெட்டுப் பெண்கள். ஒரு பாட்டி புத்தகத்தை வைக்கிறார், மெஷின் வெளியே துப்புகிறது. மீண்டும் வைக்கிறார், மீண்டும் துப்புகிறது. வாசலில் நிற்கும் காவலாளி வந்து, “ஆத்தா, புத்தகத்தை இப்படித் திருப்பி, கடைசியா அடிச்ச பக்கத்தை விரிச்சு வைங்க” என்கிறார். விரித்து வைத்ததும் திரையில் ஆங்கிலத்தில் ஏதோ வருகிறது. பார்கோடு ஸ்டிக்கர் அழிந்திருக்கிறது. “உள்ள போய்ப் புது ஸ்டிக்கர் ஒட்டிட்டு வாங்க ஆத்தா.” உள்ளே இருப்பதோ, எந்த வரிசையைத் தவிர்க்க அந்த மெஷின் வந்ததோ அதே வரிசை. இன்னொருவருக்கு ஸ்டிக்கர் சரியாக இருக்கிறது, புத்தகத்தில் பக்கம் தீர்ந்துவிட்டது. அவரும் உள்ளே போக வேண்டியதுதான். மூன்றாவது பெண்ணுக்கு எல்லாம் சரியாகி மெஷின் கடகடவென்று அடித்துத் தருகிறது. அவர் அதை வாங்கி நேராகக் காவலாளியிடம் நீட்டுகிறார்: “கண்ணு, பணம் ஏறிருச்சான்னு பாரு.”

அந்தக் கேள்விக்குத்தான் இத்தனை ஏற்பாடும். ஆனால் அடித்துத் தந்த வரியில் இருப்பது என்ன? ஏபிபிஎஸ், ஏசிஹெச், பை டிரான்ஸ்ஃபர், எஸ்எம்எஸ் சார்ஜ் என்று ஆங்கிலச் சுருக்கெழுத்துகள். படித்தவர்களே திணறும் குறிப்புகள். பாஸ்புக்கில் புரியாத பதிவுகளைத் தவிர்க்க வேண்டும், யாரிடமிருந்து வந்தது, எதற்காகப் பிடித்தோம் என்ற விவரம் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூனிலேயே அறிவுறுத்திவிட்டது. படிவங்களும் அறிவிப்புப் பலகைகளும் இந்தி, ஆங்கிலத்துடன் வட்டார மொழியிலும் இருக்க வேண்டும் என்பது அதற்கும் முந்தைய விதி. ‘மகளிர் உரிமைத்தொகை வரவு’ என்று தமிழில் ஒரு வரி அடிப்பது இன்றைய தொழில்நுட்பத்துக்கு ஒரு பொருட்டே அல்ல. தலைமையகத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். மெஷின் வாங்கும் ஆவணத்தில் நிமிடத்துக்கு எத்தனை வரி அடிக்கும் என்பது எழுதப்பட்டிருக்கும். அடித்த வரி யாருக்குப் புரிய வேண்டும் என்பது எழுதப்பட்டிருக்காது.

அந்தக் காவலாளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊர்க் கிளைகளில் உண்மையான தொழில்நுட்ப உதவியாளர் அவர்தான். பெரும்பாலும் ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்றவர், இப்போது ஒப்பந்தக் கூலி. மெஷினை இயக்கிக் காட்டுவது அவர் வேலைப் பட்டியலிலேயே கிடையாது. அவர் விடுப்பில் போனால் மெஷினும் பாதி விடுப்பில் போய்விடும். லட்சக்கணக்கில் செலவழித்து மெஷின் வாங்கும் வங்கி, அதன் பக்கத்தில் நிற்க ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கத் தயங்குவதில் என்ன சிக்கனம் இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. சுய உதவிக் குழுப் பெண்களில் ஒருவரை மாதத்தின் நெரிசல் நாட்களில் மட்டும் அமர்த்தினாலே போதும். நெரிசல் நாள் எது என்பதும் ரகசியம் அல்ல. உரிமைத்தொகை ஏறும் நாள், பென்ஷன் ஏறும் நாள், ஓய்வூதியர்கள் வாழ்வுச் சான்று கொடுக்க வரும் நவம்பர் மாதம். காலண்டரைப் பார்த்தாலே தெரியும்.

டெபாசிட் மெஷினுக்கு வருவோம். நான்கு முனைச் சாலையில் கடை வைத்திருப்பவருக்கு அது வரப்பிரசாதம். இரவு பத்து மணிக்கும் பணம் கட்டலாம். அதில் மறுப்பில்லை. ஆனால் ‘இவ்வளவு ரூபாய்க்குக் கீழே என்றால் கவுண்டரில் வாங்க மாட்டோம், மெஷினில் போடவும்’ என்று ஒரு தாளைக் கண்ணாடியில் ஒட்டிவைக்கிறார்களே, அங்கேதான் கோளாறு. சிறு தொகை கட்டுபவர் யார்? பூக்காரர், மீன்காரர், இட்லிக் கடைக்காரர். அவர்கள் கையில் இருப்பது ஈரம் பட்ட, மடிந்த, ஓரம் கிழிந்த நோட்டு. மெஷினுக்குப் பிடித்ததோ மொடமொடப்பான நோட்டு. பத்து ரூபாய்த் தாளையும் நாணயத்தையும் அது பார்க்கவே பார்க்காது. பெரிய தொகையைச் சலவை நோட்டாகக் கொண்டுவருபவருக்குக் கவுண்டர். கசங்கிய நோட்டோடு வருபவருக்கு மெஷின். எதிர்மாறாக இருந்திருக்க வேண்டிய ஏற்பாடு இது.

இந்தத் தாளை ஒட்டுவது கிளை மேனேஜரின் வக்கிரம் அல்ல. எத்தனை சதவீதப் பரிவர்த்தனையை மெஷினுக்கு மாற்றினாய் என்று மேலிடத்திலிருந்து கணக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சதவீதம் ஏறினால் தொழில்நுட்பம் வெற்றி. வாடிக்கையாளர் மூன்று தடவை முயன்று, தோற்று, திரும்பிப் போனது எந்த சதவீதத்திலும் வராது. தோற்றுப்போன முயற்சிகளை எண்ணாத அளவுகோல், அளவுகோலே அல்ல என்பேன்.

மெஷினை வடிவமைத்தவர் ஒருவிதமாக நினைத்திருப்பார், பயன்படுத்துபவர் வேறுவிதமாகப் பயன்படுத்துவார் என்பதற்குச் சென்னையிலேயே ஒரு பாடம் உண்டு. 2021 ஜூனில் ஹரியாணாவிலிருந்து வந்த கும்பல் ஸ்டேட் வங்கியின் டெபாசிட் மெஷின்களில் பணத்தைச் சுருட்டியது. உடைக்கவில்லை, ஹேக் செய்யவில்லை. பணம் வெளியே வரும் இடத்தின் மூடியைச் சில நொடிகள் மூடவிடாமல் பிடித்துக்கொண்டார்கள். எடுக்கப்படாத பணம் உள்ளே திரும்பிவிட்டதாக மெஷின் முடிவு செய்தது, கணக்கில் தொகை குறையவில்லை, நோட்டு கையில். அந்த மெஷின்களில் பணம் எடுக்கும் வசதியையே வங்கி நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. திருடர்கள் செய்த அந்தச் சோதனையை வாங்கும் முன் வங்கியே செய்திருக்கலாம்.

தமிழ்நாட்டுக் கிளைகளில் கூட்டம் சேரும் இடம் என்றால் நகைக்கடன் மேசைதான். பள்ளிக்கூடக் கட்டணம் கட்டும் ஜூன் மாதத்தில் பாருங்கள். சங்கிலியும் வளையலும் சேலைத் தலைப்பில் முடிந்தபடி பெண்கள் காலையிலேயே உட்கார்ந்திருப்பார்கள். நகையை மதிப்பிடும் அப்ரைசர் எப்போது வருவார், தன் முறை எப்போது என்பது யாருக்கும் தெரியாது. பணம் போட டோக்கன் இருக்கும் கிளையில்கூட நகைக்கு டோக்கன் இருக்காது. நகையை உரைத்து, எடை போட்டு, கல்லுக்கும் அழுக்குக்கும் கழித்து ஓர் எண்ணைச் சொல்வார்கள். எடை காட்டும் திரை அப்ரைசர் பக்கம் திரும்பியிருக்கும். எவ்வளவு கழித்தார்கள், ஏன் கழித்தார்கள் என்று கேட்க முக்கால்வாசிப் பேருக்குக் கூச்சம்.

பெட்ரோல் பங்க்கில் பையன் “ஜீரோ பார்த்துக்கங்க சார்” என்று சொல்லாமல் குழாயை மாட்டுவதில்லை. நூறு ரூபாய்ப் பெட்ரோலுக்கு இருக்கும் அந்த வெளிப்படைத்தன்மை நான்கு பவுன் நகைக்கு இல்லை. எடை, தரம், கழிவு, மதிப்பு, தரக்கூடிய கடன் ஆகிய ஐந்தையும் தமிழில் காட்டும் ஒரு சிறு திரையை வாடிக்கையாளர் பக்கம் திருப்பி வைப்பதற்கு ரோபோ விலையில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது. ரிசர்வ் வங்கியின் புதிய நகைக்கடன் விதிகள் 2025 ஜூனில் வந்துவிட்டன. 2026 ஏப்ரல் 1-க்குள் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டியவை. கடன் வாங்குபவர் முன்னிலையில்தான் நகையை மதிப்பிட வேண்டும். மொத்த எடை, நிகர எடை, கழிவு எல்லாம் எழுதிய சான்றிதழில் ஒரு பிரதி அவருக்குத் தர வேண்டும். நிபந்தனைகள் வட்டார மொழியில் அல்லது அவர் கேட்கும் மொழியில் இருக்க வேண்டும். கடனைக் கட்டி முடித்தபின் நகையைத் திருப்பித் தருவதை ஏழு வேலை நாளுக்கு மேல் வங்கி தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. விதி தெளிவாக இருக்கிறது. கிளைத் தொழில்நுட்பத்துக்குப் பட்ஜெட் போடுபவர்கள் அந்த மேசையிலிருந்து தொடங்கட்டும்.

இறந்தவர் கணக்கும் அப்படித்தான். கணவனை இழந்த பெண் ஒருவர் கணக்கில் இருக்கும் பணத்தைப் பெற எத்தனை தடவை கிளை ஏறுகிறார் என்பது அந்தக் கிளையில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் ஒரு புதுக் காகிதம் கேட்பார்கள். ஆவணங்கள் முழுமையாகக் கிடைத்த 15 நாட்களுக்குள் தீர்க்க வேண்டும், படிவங்கள் நாடு முழுக்க ஒரே மாதிரி இருக்க வேண்டும், தாமதத்துக்கு இழப்பீடு உண்டு என்று ரிசர்வ் வங்கி 2025-இல் விதி செய்திருக்கிறது. நாமினியாக நான்கு பேர் வரை பதியலாம் என்பதும் அந்த ஆண்டு நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. இங்கே தேவைப்படும் தொழில்நுட்பம் மிகச் சாதாரணமானது. மனு வாங்கியதும் தேதியும் எண்ணும் போட்ட ரசீது. என்னென்ன காகிதம் குறைகிறது என்பது அதிலேயே தமிழில். மனு எந்த மேசையில் இருக்கிறது என்று போனில் ஒரு செய்தி. பாஸ்போர்ட் சேவை மையங்களில் ஏ, பி, சி என்று கவுண்டர் பிரித்து, டோக்கன் கொடுத்து, அடுத்து எங்கே போக வேண்டும் என்று திரையில் காட்டி வருடக்கணக்கில் நடத்திக்கொண்டிருக்கிறார்கள். வங்கிகளுக்கு அது எட்டாக்கனி ஒன்றும் இல்லை.

2022 அக்டோபர் 16-இல் 75 மாவட்டங்களில் 75 டிஜிட்டல் வங்கி அலகுகள் திறக்கப்பட்டன. குளிரூட்டிய அறை, தொடுதிரை, வீடியோ அழைப்பு. நோக்கம் நல்லதுதான். பக்கத்திலேயே இருக்கும் பழைய கிளையின் வரிசையில் அவை எத்தனை பேரைக் குறைத்தன என்று கணக்கெடுத்து வெளியிட்டால் இன்னும் நன்றாக இருக்கும்.

பார்வையற்றோருக்கான பேசும் ஏடிஎம் விஷயம் வேறுவிதம். 2014 ஜூலை 1 முதல் நிறுவப்படும் எல்லா ஏடிஎம்களும் பிரெய்ல் விசைப்பலகையோடு பேசும் வசதி கொண்டவையாக இருக்க வேண்டும் என்பது உத்தரவு. வசதி இருக்கிறது என்று பட்டியலில் டிக் அடித்துவிடலாம். ஹெட்போன் மாட்டும் துளையில் தூசி அடைத்திருக்கிறதா, வாசலில் சாய்தளம் இருக்கிறதா, இருந்தால் அதன் மேல் பைக் நிற்கிறதா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். டிஜிட்டல் சேவைகளை எட்டும் உரிமை, அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30-இல் தீர்ப்பளித்துவிட்டது. கேஒய்சிக்காகக் கேமரா முன் கண் சிமிட்டச் சொன்னபோது சிமிட்ட முடியாமல் போன ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்கள் தொடுத்த வழக்கு அது. இமை இல்லாதவர்களும் வாடிக்கையாளர்களாக இருப்பார்கள் என்று அந்தத் திட்டத்தை வரைந்தவர்களுக்குத் தோன்றவே இல்லை.

முதியவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள் என்பதற்கு ஸ்பெயினில் ஓர் உதாரணம் உண்டு. வலென்சியா நகரைச் சேர்ந்த கார்லோஸ் சான் ஹுவான், அப்போது 78 வயதுக்காரர், ஓய்வுபெற்ற மருத்துவர், பார்க்கின்சன் நோயாளி. வங்கிகள் கவுண்டர் நேரத்தைக் குறைத்து எல்லாரையும் மெஷினுக்கும் போனுக்கும் விரட்டியபோது, ‘நான் வயதானவன், முட்டாள் அல்ல’ என்ற முழக்கத்தோடு இணையத்தில் கையெழுத்து இயக்கம் தொடங்கினார். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். 2022 பிப்ரவரியில் ஸ்பெயின் வங்கிகள் கவுண்டர் நேரத்தை நீட்டிக்கவும், முதியோருக்கு முன்னுரிமை தரவும், ஏடிஎம் திரைகளை எளிமையாக்கவும் எழுதிக் கையெழுத்திட்டன. நம் ஊரில் 70 வயதைத் தாண்டியவர்களுக்கு வீடு தேடி வந்து அடிப்படை வங்கிச் சேவை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017-லேயே சொல்லிவிட்டது. அதைக் கிளை வாசலில் தமிழில் எழுதி ஒட்டியிருப்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

கடைசியாக, வாங்கும் முறை. பொதுத்துறை வங்கி என்றால் டெண்டர். டெண்டர் என்றால் குறைந்த விலை கேட்டவருக்கு. ஊழலைத் தடுக்க வந்த ஏற்பாடு, குறை சொல்ல முடியாது. ஆனால் குறைந்த விலைக்கு மெஷினைத் தந்தவர், ரிப்பன் மாற்றவும் சென்சார் துடைக்கவும் ஆள் அனுப்புவதில் அந்த விலையைச் சரிக்கட்டிக்கொள்வார். ஏடிஎம்மில் ஒரு மாதத்தில் பத்து மணி நேரத்துக்கு மேல் பணம் இல்லாமல் போனால் 10,000 ரூபாய் அபராதம் என்று 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி கடிவாளம் போட்டது. பாஸ்புக் மெஷினுக்கு அப்படி ஒரு கடிவாளம் கிடையாது. ‘பழுது’ என்று எழுதிய தாள் அதன் மேல் எத்தனை வாரம் வேண்டுமானாலும் தொங்கலாம். ஒப்பந்தத்திலேயே அபராதத்தை எழுதுங்கள். நகரம், சிற்றூர், சந்தை ஊர், மீனவக் கிராமம் என எல்லாக் கிளைக்கும் ஒரே பட்டியலை அனுப்பாதீர்கள். புது மெஷினை ஆயிரம் கிளைகளில் இறக்கும் முன், ஐந்து கிளைகளில் ஒரு மாதம் வைத்து, திட்டம் போட்ட அதிகாரியே காலை முதல் மாலைவரை அதன் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.

வாடிக்கையாளர்களும் ஒன்று செய்ய வேண்டியிருக்கிறது. மெஷின் துப்பியதையும் காகிதத்துக்கு அலைந்ததையும் காவலாளியிடமும் பக்கத்து வீட்டிலும் சொல்லித் தீர்த்துக்கொள்கிறோம். வாய்வார்த்தையாகச் சொன்ன குறை எந்தத் தலைமையகக் கூட்டத்துக்கும் போய்ச் சேராது; எழுத்தில் வந்த புகாரை மட்டும்தான் அங்கே எண்ணுவார்கள். கிளையில் எழுதிக் கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை கேளுங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டால், வந்த பதில் திருப்தி தராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குக் கட்டணம் இல்லாமல் புகார் செய்யலாம். உதவி எண் 14448. தமிழிலும் பேசலாம்.